தைத்த இடம் தெரியட்டும்

உளூவின் பர்ளுகள் எத்தனை என்று கேட்டால் நம் வீட்டுச் சிறுவனும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவான். விற்கும் பொருளில் உள்ள குறையை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்வது கடமையா இல்லையா என்று கேட்டால் பெரியவர்களே தயங்குகிறார்கள். "வியாபாரம் என்றால் முன்னே பின்னேதான் இருக்கும்" என்ற ஒரு சொல்லைப் போட்டு எத்தனையோ கேள்விகளை மூடிவிடுகிறோம். தொழுகைக்கு மஸ்அலா கேட்டு ஆலிம்களிடம் வருவோர் பலர். கார் விற்பதற்கு மஸ்அலா கேட்டு வருவோர் மிகச் சிலர். அச்சிலர் கேட்கும் கேள்வி ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

வீட்டில் பழைய அம்பாஸிடர் கார் ஒன்று நிற்கிறது. என்ஜின் வேலைக்கு வந்துவிட்டது. விற்பதற்கு முன் என்ஜினை இறக்கி வேலை பார்த்துவிட்டு விற்பது கூடுமா? கூடுமென்றால், வேலை பார்த்த செய்தியை வாங்குபவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வியின் முற்பாதி எளிது. தன் பொருளைச் சீர்படுத்தி நல்ல விலைக்கு விற்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பிற்பாதியில்தான் நம்முடைய ஈமான் உரைகல்லில் உரைக்கப்படுகிறது.

பழைய வண்டி, புதிய மதிப்பு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் அம்பாஸிடரைச் செய்யத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் அங்கு அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஊரே இரவல் கேட்ட வண்டி அது. இன்று புதிதாக வருவதில்லை என்பதனாலேயே அதற்குத் தனி மதிப்பு வந்திருக்கிறது. பழைய வண்டிகளைத் தேடி வாங்கிப் போற்றிப் பேணுவோர் பெருகியிருக்கிறார்கள். கொல்லையில் கோழி அடைந்து கிடந்த வண்டிக்கு மனிதர்கள் விலை பேச வருகிறார்கள்.

விலை ஏறும் இடத்தில் ஷைத்தானும் கடை விரிப்பான். ஆகவே, என்ஜின் வேலை என்றால் என்ன, அதில் நேர்மை எங்கே நிற்கிறது, வஞ்சகம் எங்கே நுழைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம்.

அந்தக் காரில் நெடுங்காலம் வந்தது 1489 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் என்ஜின். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாய் ஓடி ஓடி, ரிங்குகள் தேய்கின்றன. சிலிண்டரின் உட்சுவரும் தேய்கிறது. தேய்ந்த இடைவெளியில் ஆயில் மேலேறிப் பெட்ரோலோடு எரிகிறது. பின்னால் நீலப் புகை வருகிறது. அழுத்தம் கசிந்து இழுவை குறைகிறது. கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்தால் அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது.

இதற்கு முறையான வைத்தியம் உண்டு. என்ஜினை இறக்கி, பிரித்து, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அளவெடுக்க வேண்டும். சிலிண்டரைக் கடைந்து, அந்தப் புதிய அளவுக்குப் பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். கிராங்கைச் சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். பணமும் பொறுமையும் கேட்கும் வேலை இது.

முறையற்ற வைத்தியமும் உண்டு. கனத்த ஆயிலை ஊற்றிப் புகையையும் சத்தத்தையும் சில நாள் அடக்கி வைப்பது. மண்ணெண்ணெயால் கழுவி என்ஜினைப் பளபளக்கச் செய்வது. குளிர்ந்த என்ஜினின் சத்தம் கேட்காதிருக்க, வாங்க வருபவர் வருமுன்பே ஓடவிட்டுச் சூடேற்றி வைப்பது. துருப்பிடித்த தகட்டின்மேல் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிப்பது. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைத் திருப்பி வைப்பது. இவற்றுக்குச் செலவும் குறைவு, காலமும் குறைவு.

இரண்டுக்கும் வேற்றுமை என்ன? முன்னது குறையைப் போய்த் தொடுகிறது. பின்னது வாங்குபவரின் கண்ணையும் காதையும் மட்டுமே தொடுகிறது. குறை இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

கட்டி வைத்த மடி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் கார் இல்லை. ஆனால் மனித மனம் இதே மனம்தான். ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்க எண்ணுபவர் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார். மடி புடைத்து நிற்கும். வாங்குபவர் நிரம்பப் பால் தரும் பிராணி என்று நம்பி அதிக விலை கொடுப்பார். மறுநாள் கறந்த பிறகுதான் உண்மை தெரியும். இச்செயலை நபியவர்கள் தடுத்தார்கள். இவ்விதம் ஏமாந்தவர் கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. திருப்பிக் கொடுக்கும் முறை பற்றி ஹனபி இமாம்களுக்கு வேறு கருத்து உண்டு. அச்செயல் கூடாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

கவனியுங்கள். மடியைக் கட்டியவர் வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பிராணியே அவருக்காகப் பொய் சொல்லிற்று. கனத்த ஆயில் ஊற்றிய என்ஜினும் அப்படித்தான். "நான் ஒன்றும் சொல்லவில்லையே, அவர்தானே ஓட்டிப் பார்த்து வாங்கினார்?" என்பது அல்லாஹ்வின் சன்னிதியில் செல்லுபடியாகும் வாதமன்று.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபியவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்தது வியாபாரியின் குற்றமன்று. அது மழையின் வேலை. என்ஜின் தேய்ந்ததும் உரிமையாளரின் குற்றமன்று. ஓடிய பொருள் தேயத்தான் செய்யும். ஈரம் அடியில் போனதுதான் கேள்விக்குரியதாயிற்று.

தையற்காரரும் தைத்த இடமும்

இனி, மெய்யாகவே முறையான வேலை செய்தவரைப் பார்ப்போம். ரிங், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிது, ஏமாற்று ஒன்றுமில்லை. அவரும் சொல்ல வேண்டுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தின் ஒழுங்குகளைச் சொல்லுமிடத்தில் அருமையான செய்தி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். கிழிந்த துணியை, தைத்தது தெரியாதவாறு நூலோடு நூல் சேர்த்துத் தைப்பதைப் பற்றி இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அத்துணியை விற்பவர் தைத்ததை மறைப்பது கூடாது என்றார்கள். தைப்பவருக்கோ, துணியின் சொந்தக்காரர் அதை வெளிப்படுத்துவார் என்றோ, அது விற்பனைக்கு அல்ல என்றோ தெரிந்திருந்தால்தான் அவ்வேலை ஆகும் என்றார்கள்.

தெரியாமல் தைப்பது கலை. அதைத் தெரியாமல் விற்பதுதான் குற்றம். என்ஜின் வேலைக்கு இதைவிட நெருங்கிய உவமை நமக்குக் கிடைக்காது.

ஒருவர் சொல்லலாம்: "கிழிசல் தைத்த பின்னும் கிழிசல்தான். என்ஜினோ வேலை பார்த்த பின் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. குறை நீங்கிய பிறகு எதைச் சொல்வது?" நியாயமான கேள்வி. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை குறை இருந்தால்தான் உண்டு. விற்கும் முன்பே நீங்கிப் போன குறைக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் குறை என்பதற்கு பிக்ஹு கிதாபுகள் தரும் இலக்கணத்தைப் பாருங்கள். வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அது குறை என்பது ஹனபி மத்ஹபின் அளவுகோல். பொருளின் மதிப்பைக் குறைப்பதும், வாங்குபவரின் முறையான நோக்கத்தைக் கெடுக்கும்படி பொருளிலேயே குறைவு உண்டாக்குவதும் குறை என்பது ஷாபிஈ மத்ஹபின் விளக்கம். ஆக, என்ஜின் நன்றாக ஓடுகிறதா என்பதோடு விஷயம் முடியவில்லை. அச்செய்தி தெரிந்தால் விலையும் விருப்பமும் மாறுமா என்றும் பார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் "என்ஜின் பிரிக்காத வண்டி" என்பதே ஒரு நற்சான்றாகப் பேசப்படுகிறது. பிரித்த வண்டி என்றால் விலை குறைத்துக் கேட்கிறார்கள். இது அறியாமையாகவும் இருக்கலாம். நல்ல கையால் பிரித்துச் சேர்த்த என்ஜின், பிரிக்காமல் தேய்ந்து கிடப்பதைவிட மேலானது. ஆயினும் வாங்குபவரின் விருப்பம் அறிவீனமானது என்று நாமே தீர்ப்பளித்துக்கொண்டு அவரிடம் மறைக்க நமக்கு உரிமை வந்துவிடாது. பட்டறைச் சீட்டைக் காட்டுங்கள்; அளவைச் சொல்லுங்கள்; அவர் அறியாமையை விளக்கத்தால் நீக்குங்கள். அதன்மேல் பணம் ஈட்டாதீர்கள். "என்ஜின் இறக்கியதுண்டா?" என்று அவர் கேட்டபின் "இல்லை" என்பது பச்சைப் பொய். அதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

மறைத்த நல்ல வேலையால் தீங்கும் உண்டு. சிலிண்டரை ஒவ்வொரு முறை கடையும்போதும் இரும்பு குறைகிறது. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கிய அளவில் 20, 40 என்று மெக்கானிக்குகள் கணக்கு வைப்பார்கள். எத்தனை கடைந்திருக்கிறது என்பது அடுத்த முறை வேலை பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ஓரளவுக்கு மேல் கடைய இரும்பு இராது. உள்ளே புதுக்குழாய் இறக்க வேண்டிவரும். மேலும், புதிதாக வேலை பார்த்த என்ஜினைத் தொடக்கத்தில் நிதானமாக ஓட்டி, ஆயிலைச் சீக்கிரம் மாற்றிப் பழக்க வேண்டும். இச்செய்தி தெரியாதவர் வாங்கிய அன்றே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் என்ன ஆகும்? பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளலாம். மனைவி மக்களோடு நள்ளிரவில் நடுவழியில் நிற்பார். நாம் செய்த நல்ல வேலை, நாம் சொல்லாத ஒரு சொல்லால் கெட்டது என்றாகிவிடும்.

இறைச்சிக்கா, சவாரிக்கா?

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் ஒரு சந்தையில் நின்றிருந்தார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போகும் வேளையில் வாஸிலாவின் கவனம் வேறெங்கோ இருந்தது. கவனித்ததும் அவர் பின்னாலேயே ஓடிச் சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைத் தாம் பார்த்ததாகவும், அது தொடர்ந்து பயணம் தாங்காது என்றும் வாஸிலா சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. "என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே" என்று அவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாங்கள் வாக்களித்திருப்பதை வாஸிலா நினைவுபடுத்தினார்கள். குறையுள்ள பொருளை அதை வெளிப்படுத்தாமல் விற்பதும் ஆகாது, அக்குறையை அறிந்த மற்றவர் சொல்லாமலிருப்பதும் ஆகாது என்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன.

ஒன்று: வாஸிலா விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர். அறிந்தவர், அவ்வளவே. இன்று அந்த இடத்தில் நிற்பவர் மெக்கானிக். தரகரும் அங்கேதான் நிற்கிறார். "வண்டி எப்படி, பாய்?" என்று வாங்குபவர் கேட்கும்போது, சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு "சூப்பர் வண்டி" என்று சொல்லி, அதற்கொரு தொகை பெறுகிறாரே, அந்தத் தொகை எந்தக் கணக்கில் சேரும் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்கும்போது கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்கிறோம். விற்கும்போது அதே மெக்கானிக்கைக் கண்ணால் சாடை காட்டி அடக்குகிறோம். அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கு வந்த கடும் எச்சரிக்கையோடுதான் ஸூரத்துல் முதஃப்பிபீன் தொடங்குகிறது. அளப்பது படியால் மட்டுமன்று.

இரண்டு: வாஸிலா முதலில் கேட்டது, எதற்காக வாங்கினீர் என்பது. குளம்பின் ஓட்டை இறைச்சிக்கு வாங்குபவருக்குக் குறையன்று. சவாரிக்கு வாங்குபவருக்குப் பெருங்குறை. பழைய காரிலும் இவ்வாறே. தினமும் ஓட்ட வாங்குபவருக்கு, தேய்ந்த என்ஜினைக் கழற்றிவிட்டு வேறு நல்ல என்ஜின் வைத்திருப்பது சில வேளை வசதியாகவே படும். பழைமைக்காக வாங்குபவருக்கோ அதுவே பெருங்குறை. ஆலையிலிருந்து வந்த அதே என்ஜின், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே எண் என்பதற்காகத்தான் அவர் இத்தனை பணம் கொடுக்கிறார். 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளும், 50 ஆண்டு கடந்து, பழைய வடிவிலேயே பேணப்பட்டு, பெரிய மாற்றங்களுக்கு ஆளாகாத வண்டிகளையே பழம்பெரும் வண்டிகளாகப் பதிய இடமளிக்கின்றன. ஆகவே "எதற்காக வாங்குகிறீர்கள்?" என்று விற்பவர் கேட்பது வீண் பேச்சன்று, அவருடைய அமானிதத்தின் ஒரு பகுதி. என்ஜினை மாற்றிவிட்டுப் பழைய எண்ணைப் புதிதாக வெட்டி வைப்பதோ மார்க்கத்திலும் குற்றம், அரசின் சட்டத்திலும் குற்றம்.

"உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள்"

சிலர் இவற்றிலிருந்து தப்ப ஒரு வழி கண்டிருக்கிறார்கள். "பழைய வண்டி, உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னிடம் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று எண்ணுகிறார்கள்.

இந்த நிபந்தனையை நம் இமாம்கள் ஆராயாமல் விடவில்லை. எல்லாக் குறைகளிலிருந்தும் பொறுப்பு நீங்கி விற்பது ஹனபி மத்ஹபில் செல்லும். ஷாபிஈ மத்ஹபிலோ, உயிர்ப்பிராணியில் விற்பவருக்கே தெரியாத உட்குறை ஒன்றில் மட்டுமே அந்த நிபந்தனை உதவும். இரும்பாலான காருக்கு அது உதவாது. இவ்வேற்றுமை தீர்ப்பைப் பற்றியது. தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்த பாவத்தை எந்த நிபந்தனையும் கழுவாது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு பதிவாகியிருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் அடிமை ஒருவரை, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். அடிமைக்கு நோய் இருப்பதாக வாங்கியவர் முறையிட்டார். நோயை அறியாமலே விற்றேன் என்று சத்தியம் செய்யும்படி கலீஃபா உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவ்வடிமை நலம் பெற்று, 1500 திர்ஹத்துக்கு விலைபோனார்.

நிபந்தனை இருந்தும் கலீஃபா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உமக்குத் தெரியுமா, தெரியாதா? நாளை மறுமையிலும் நம்மிடம் அதுவே கேட்கப்படும். ஆகவே விற்பவர் இவ்வாறு பிரித்துச் சொல்லட்டும்: எனக்குத் தெரிந்தவை இவை, செய்த வேலைகள் இவை, செய்யாமல் விட்டவை இவை, இதற்கு மேல் எனக்குத் தெரியாது, நீங்கள் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். செலவைச் சொல்லி விலை கேட்பதானால், ஆன செலவையே சொல்லட்டும். பட்டறையில் கூட்டி எழுதி வாங்கிய சீட்டு, பொய்க்கு எழுத்து வடிவம் கொடுத்தது போலாகும்.

வாங்குபவருக்கும் ஒரு சொல்

பழைய கார்கள் பெரும்பாலும் மரணத்துக்குப் பின்பே விலைக்கு வருகின்றன. தந்தை மறைந்துவிடுகிறார், வண்டி வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. மூத்த மகன் மற்றவர்களைக் கேளாமல் பொதுப் பணத்தை எடுத்து என்ஜின் வேலை பார்ப்பதும், பின்னர் "நான்தானே அலைந்தேன்" என்று கூடுதல் பங்கு கேட்பதும் கூடாது. தாயின் பங்கும் சகோதரிகளின் பங்கும் சிறுபிள்ளைகளின் பங்கும் அந்த வண்டியில் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளட்டும்.

அத்தகைய வீட்டுக்கு வாங்க வருபவரே, வண்டியின் அருமை உமக்குத் தெரியும். இத்தாவில் இருக்கும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. "இது இரும்புக் கடைக்குத்தான் ஆகும்" என்று சொல்லிப் பாதி விலைக்கு ஓட்டிச் செல்வது திறமையா? ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டது. ஜரீர் குதிரையைப் பார்த்தார்கள். அது அதைவிட அதிகம் பெறும் என்று விற்றவரிடம் தாமே சொல்லி, விலையை ஏற்றிக்கொண்டே போய் 800 திர்ஹம் கொடுத்தார்கள். அவர்களும் எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் வாக்களித்தவர்களே. ஜரீரைப் போல் நம்மால் ஆகாவிட்டாலும், இல்லாத குறையைச் சொல்லி விலையைக் கெடுக்காமலிருக்க நம்மால் ஆகும்.

குறைந்த பணம் யாருடையது?

"சொன்னால் விலை குறைகிறதே, எல்லாரும் மறைக்கும் ஊரில் நான் மட்டும் நஷ்டப்படுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏழை வீட்டில் அந்தப் பணத்துக்காக ஒரு மகளின் கல்யாணம் காத்திருக்கலாம். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். உண்மையைச் சொன்னதால் குறைந்த தொகை, குறையின் விலை. அது எப்போதுமே உங்களுடையதாக இருந்ததில்லை. மறைத்து அதை வாங்கினால், வாங்கியவரின் பணம் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றுதான் பொருள். மறைப்பதால் ரிஸ்க் பெருகாது, பரக்கத்தே போகும் என்பது இமாம் கஸ்ஸாலியின் உபதேசம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவாக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்று நபிமொழியிலும் வந்திருக்கிறது.

எனவே, என்ஜினை இறக்கி வேலை பாருங்கள், கூடும். வேலை பாராமல் அப்படியே விற்றாலும் கூடும். பணமில்லாதவருக்கு அதுவே எளிது. எதைச் செய்தாலும், வண்டியின் சாவியைக் கொடுக்கும் அதே கையால் உண்மையையும் கொடுத்துவிடுங்கள். தையல் நன்றாகவே இருக்கட்டும். தைத்த இடமும் தெரியட்டும்.

நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, ஹலாலான ரிஸ்கைத் தந்து, அதில் பரக்கத்தும் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.